பிளைட் சிமுலேட்டர் கூடுதல் வானூர்திகளில் விமானி அறை தோன்றாமை

விமானி அறை தோன்றாமை என்பது மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் போன்ற பறப்புப் பாவனை மென்பொருள்களில், பிறர் உருவாக்கிய வானூர்தி ஒன்றைத் தனியே சேர்த்துப் பறக்கும்போது அதன் உட்புறம் திரையில் வராத சிக்கலைக் குறிக்கும். வெளியிலிருந்து பார்க்கையில் அவ்வானூர்தி முழுமையாகக் காணப்படும், எஞ்சின் இயங்கும், ஓடுபாதையில் நகரும். ஆனால் உட்புறக் காட்சிக்கு மாறினால் கருவிப் பலகையோ இருக்கையோ சாளரச் சட்டமோ இராது. நிலமும் வானமும் மட்டும் தெரிய, பயனர் அந்தரத்தில் மிதப்பது போலிருக்கும்.

இது பெரும்பாலும் சிமுலேட்டரின் பழுது அன்று. இரண்டு நிலைகளில் ஒன்றே காரணமாக இருக்கும். அந்த வானூர்திக்கு உட்புறம் உருவாக்கப்படவே இல்லை என்பது ஒன்று. உட்புறம் இருக்கின்றது, ஆனால் சிமுலேட்டர் தேடும் இடத்தில் அது இல்லை என்பது மற்றொன்று. முதல் நிலையை எந்த அமைவு மாற்றமும் சரிசெய்யாது. இரண்டாம் நிலை பெரும்பாலும் ஓர் உரைக் கோப்பில் ஒற்றை வரியைத் திருத்தினாலே சரியாகிவிடும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் சிமுலேட்டரையே நீக்கி மீண்டும் நிறுவுவது பரவலாகக் காணப்படும் வீண் வேலையாகும்.

2003 இல் வெளிவந்த எஃப்எஸ் 2004, 2006 இல் வெளிவந்த எஃப்எஸ்எக்ஸ் ஆகிய பதிப்புகளுக்கே இணையத்தில் இலவச வானூர்திகள் மிகுதி என்பதால், இக்கட்டுரை முதன்மையாக அவற்றைப் பற்றியது. இப்பதிப்புகளை உருவாக்கிய ஏசஸ் ஸ்டூடியோ 2009 இல் மூடப்பட்டது. அக்கால இலவச வானூர்திகளை ஆக்கியோரில் பலர் அவற்றைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டமையால், பழுது பார்க்கும் பொறுப்பு பயனரையே சேர்கின்றது. கோப்புகளின் பெயர்கள் இங்கு ஒலிபெயர்ப்பாகத் தரப்படுகின்றன. கணினியில் அவை உரோமன் எழுத்துகளில் காணப்படும்.

இரு வகை உட்புறக் காட்சிகள்

இப்பதிப்புகளில் விமானி அறையை இரண்டு விதமாகக் காணலாம். முதலாவது இருபரிமாணக் கருவிப் பலகை. இது திரையின் கீழ்ப்பகுதியை மறைத்து நிற்கும் ஒரு படமே. வேகமானி, உயரமானி முதலியன அதன்மேல் வரையப்படுகின்றன. இரண்டாவது மெய்நிகர் விமானி அறை. இது முப்பரிமாண வடிவம் என்பதால், தலையைத் திருப்புவது போல் எல்லாத் திசைகளிலும் பார்க்கலாம். 2001 இல் வந்த எஃப்எஸ் 2002 இல் மெய்நிகர் அறையின் மானிகள் உண்மையான அளவீடுகளைக் காட்டின. எஃப்எஸ் 2004 இல் அங்குள்ள பொத்தான்களையும் நெம்புகோல்களையும் சுட்டியால் இயக்க முடிந்தது.

இவ்விரு காட்சிகளும் வெவ்வேறு கோப்புறைகளிலிருந்து வருபவை. ஆகவே ஒன்று தோன்றி மற்றொன்று தோன்றாதிருப்பது வியப்பன்று. எது தோன்றவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறையும். எஃப்எஸ்எக்ஸில் எஃப்9 விசை மெய்நிகர் அறையையும் எஃப்10 விசை இருபரிமாணப் பலகையையும் காட்டும். எஃப்எஸ் 2004 இல் எஸ் விசையைத் தொடர்ந்து அழுத்தினால் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். டபிள்யூ விசையோ முழுப் பலகை, சிறு பலகை, பலகையின்மை என இருபரிமாணக் காட்சியைச் சுழற்றுவது. இவ்விசையைத் தவறுதலாக அழுத்திவிட்டு வானூர்தி பழுதெனக் கருதுவதும் உண்டு என்பதால், கோப்புகளைத் திறக்குமுன் இதைச் சோதிப்பது நன்று.

வானூர்திக் கோப்புறையின் அமைப்பு

எஃப்எஸ் 2004 இல் ஒவ்வொரு வானூர்தியும் ‘ஏர்கிராஃப்ட்’ என்னும் கோப்புறைக்குள் தனிக் கோப்புறையாக இருக்கும். எஃப்எஸ்எக்ஸில் அது ‘சிம்ஆப்ஜெக்ட்ஸ்’ கோப்புறைக்குள் ‘ஏர்பிளேன்ஸ்’ என்னும் உட்கோப்புறைக்கு மாறியது. வானூர்தியின் கோப்புறைக்குள் மாடல், பேனல், சவுண்ட், டெக்ஸ்சர் என்னும் நான்கு கோப்புறைகளும், ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி என்னும் அமைவுக் கோப்பும், பறக்கும் தன்மையை வரையறுக்கும் ஏர் கோப்பும் இருக்கும்.

ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி கோப்பை நோட்பேட் கொண்டு திறந்து படிக்கலாம். அதில் எஃப்எல்டிசிம்.0, எஃப்எல்டிசிம்.1 என எண்ணிட்ட பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதியும் ஒரு வண்ணப்பூச்சைக் குறிக்கும். அப்பகுதியில் ‘மாடல்=’, ‘பேனல்=’ என்னும் வரிகள் வெறுமையாக இருந்தால் ‘மாடல்’, ‘பேனல்’ என்ற பெயருடைய கோப்புறைகளே எடுத்துக்கொள்ளப்படும். சமக்குறிக்குப் பின் ஒரு சொல் இருந்தால், புள்ளியிட்டு அச்சொல் சேர்ந்த கோப்புறை தேடப்படும். எடுத்துக்காட்டாக, ‘பேனல்=2டி’ என்றிருந்தால் ‘பேனல்.2டி’ என்னும் கோப்புறை இருந்தாக வேண்டும். அது இல்லையெனில் பலகை தோன்றாது. பிழைச் செய்தியும் வராமல் போகலாம். சிமுலேட்டரின் இந்த மௌனமே பயனரைப் பெரிதும் அலைக்கழிப்பது எனலாம்.

இங்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரே வானூர்தியின் பல வண்ணப்பூச்சுகளில் ஒன்றில் மட்டும் உட்புறம் தோன்றவில்லையெனில், கோப்புகள் இருக்கின்றன, அப்பகுதியின் வரிகளே பிழையானவை என்று முடிவு செய்யலாம். தோன்றும் வண்ணப்பூச்சின் மாடல், பேனல் வரிகளைத் தோன்றாததில் அவ்வாறே எழுதினால் போதுமானது. எண்களையும் கவனிக்க வேண்டும். இரண்டு பகுதிகளுக்கு ஒரே எண் இருந்தாலோ, இடையில் ஓர் எண் விடுபட்டாலோ சில வண்ணப்பூச்சுகள் பட்டியலிலேயே வராமல் போகும்.

சுருக்கப்பட்ட பொதியை விரிக்கும்போது கோப்புறை அமைப்பு குலைந்துபோவதும் உண்டு. எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கொட்டப்பட்டிருந்தால், கோப்புறைப் பெயர்களுடன் மீண்டும் விரிப்பதே வழி. பதிவிறக்கியது வானூர்தியே அன்று, அதற்கான வண்ணப்பூச்சு மட்டுமே என்பதும் சிலவேளை பின்னரே தெரியவரும்.

உட்புறமே இல்லாத மாதிரிகள்

சிமுலேட்டரின் வான்வெளியில் தானாகப் பறக்கும் பிற வானூர்திகளுக்கெனத் தனி மாதிரிகள் உருவாக்கப்படுகின்றன. வானூர்தி நிலையத்தில் ஒரே நேரத்தில் பல வானூர்திகள் நிற்கும்போது கணினி தாங்கவேண்டும் என்பதால், இவற்றின் வடிவம் வேண்டுமென்றே எளிமையாக்கப்பட்டிருக்கும். அவற்றுள் எவரும் அமர்வதில்லை; எனவே விமானி அறையும் வரையப்படுவதில்லை. இத்தகைய மாதிரியில் பறக்க முயன்று உட்புறத்தைத் தேடுவது பயனற்றது.

முழு வானூர்தியாக வெளியிடப்பட்டவற்றிலும் உட்புறம் இல்லாதவை பல. 2000களின் தொடக்கத்தில் இலவசமாக வெளிவந்த பயணிகள் வானூர்திகள் பலவற்றில் இறக்கையின் வளைவு, சக்கரங்களின் அசைவு, இறக்கைமடல்களின் விரிவு ஆகியன மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கும். மெய்நிகர் அறை இராது. ஒரு விமானி அறையை முப்பரிமாணத்தில் வடிப்பது, வெளிப்புறம் முழுவதையும் வடிப்பதற்கு ஈடான உழைப்பைக் கேட்பது. ஊதியமின்றி ஓய்வுநேரத்தில் செய்வோர் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொண்டதில் குறை காண்பதற்கில்லை. பொதியுடன் வரும் விளக்கக் கோப்பில் ‘மெய்நிகர் விமானி அறை இல்லை’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சிக்கலைத் தீர்க்கப் பலர் கடைசியாகத் திறக்கும் கோப்பும் அதுவே.

மாற்றுப்பெயர் வரியும் 737-400 சிக்கலும்

வெளிப்புறத்தை மட்டும் செய்தவர்கள் பலகைக்கு என்ன செய்தார்கள் என்பது இச்சிக்கலின் மையமான செய்தியாகும். சிமுலேட்டருடன் வரும் வானூர்திகளின் பலகையை நகலெடுத்துத் தம் பொதியில் சேர்த்து வெளியிட்டால் அது மைக்ரோசாப்டின் பதிப்புரிமையை மீறுவதாகும். பதிவிறக்கத்தின் அளவும் கூடும். தொலைபேசி வழி இணையம் இருந்த காலத்தில் அதுவும் ஒரு பெரிய தடையே. இதற்கு மாற்றாக ‘ஏலியஸ்’ எனப்படும் மாற்றுப்பெயர் வரி பயன்பட்டது. பேனல் கோப்புறையில் பேனல்.சிஎஃப்ஜி என்னும் ஒரே ஒரு சிறு கோப்பு இருக்கும். அதில் ‘ஏலியஸ்=பி737_400\பேனல்’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். ‘இந்த வானூர்திக்குப் பலகை வேண்டுமெனில், பயனரின் கணினியில் ஏற்கெனவே உள்ள 737-400 இன் பலகையை எடுத்துக்கொள்க’ என்பது அதன் பொருள். எதையும் நகலெடுக்காமலேயே பலகை கிடைத்துவிடும். ஒலிக் கோப்புகளுக்கும் இதே முறை கையாளப்பட்டது.

இம்முறை எஃப்எஸ் 2004 இல் நன்றாகவே இயங்கியது. ஆனால் எஃப்எஸ்எக்ஸில் போயிங் 737-400 நீக்கப்பட்டு அதன் இடத்தில் 737-800 சேர்க்கப்பட்டது. எஃப்எஸ் 2004 உடன் வந்த 777-300 உம் எஃப்எஸ்எக்ஸில் இல்லை. பழைய வானூர்தியைப் புதிய பதிப்புக்குக் கொண்டுசென்றவர்களுக்கு அந்த வரி இல்லாத கோப்புறை ஒன்றைச் சுட்டி நின்றது. வெளிப்புறம் வந்தது, பலகை வரவில்லை, ஒலியும் வரவில்லை. பலகையும் ஒலியும் ஒருங்கே இல்லாமற் போவது மாற்றுப்பெயர் வரி அறுந்ததன் தெளிவான அடையாளமாகும்.

திருத்தம் எளிது. பேனல்.சிஎஃப்ஜி, சவுண்ட்.சிஎஃப்ஜி ஆகிய இரு கோப்புகளிலும் ‘பி737_400’ என்பதை ‘பி737_800’ என மாற்றிச் சேமித்தால் புதிய பதிப்பின் பலகையும் ஒலியும் வந்துவிடும். நான்கு எஞ்சின் வானூர்திக்கு 747-400 ஐச் சுட்டலாம்; அது இரு பதிப்புகளிலும் உள்ளது. ஏர்பஸ் வகைகளுக்கு எஃப்எஸ்எக்ஸில் உள்ள ஏ321 பொருந்தும். எஞ்சின் எண்ணிக்கை மாறுபடும் பலகையைச் சுட்டினால் தோற்றம் கிடைக்குமேயன்றி, எல்லா எஞ்சின்களுக்குமான மானிகள் கிடைக்கமாட்டா.

மாற்றுப்பெயர் இன்றி, சொந்தப் பலகையே இருந்தும் அது தோன்றாவிடில், பேனல்.சிஎஃப்ஜி கோப்பில் ‘ஃபைல்=’ என்னும் வரி சுட்டும் பின்னணிப் படம் கோப்புறையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

உட்புற மாதிரி கிடைக்காமை

மெய்நிகர் அறையின் வடிவம் எம்டிஎல் என்னும் நீட்டிப்புடைய மாதிரிக் கோப்பில் உள்ளது. எஃப்எஸ் 2004 இல் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே கோப்பில் அடங்கியிருந்தன. ஆகவே வெளிப்புறம் தோன்றி உட்புறம் தோன்றவில்லையெனில், அக்கோப்பில் உட்புறம் இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். எஃப்எஸ்எக்ஸ் இவற்றை இரண்டு கோப்புகளாகப் பிரித்தது. மாடல் கோப்புறையிலுள்ள மாடல்.சிஎஃப்ஜி கோப்பில் ‘நார்மல்=’ என்னும் வரி வெளிப்புறத்தையும், ‘இன்டீரியர்=’ என்னும் வரி உட்புறத்தையும் சுட்டும். இரண்டாம் வரி விடுபட்டிருந்தாலோ, அதிலுள்ள பெயரும் கோப்பின் பெயரும் ஓர் எழுத்து மாறினாலோ மெய்நிகர் அறை தோன்றாது.

எஃப்எஸ் 2004 க்கென உருவாக்கிய மாதிரியை எஃப்எஸ்எக்ஸில் பயன்படுத்தும்போது ‘இன்டீரியர்=’ வரி இல்லாதிருப்பது பிழையன்று; அதன் உட்புறம் ஒரே கோப்பில் சேர்ந்தே வருவது. மறுபுறம், எஃப்எஸ்எக்ஸுக்கெனத் தொகுக்கப்பட்ட மாதிரியை எஃப்எஸ் 2004 படிக்காது. இதற்குத் திருத்தம் எதுவும் இல்லை.

அறை தோன்றி, ஆனால் சுவர்களும் பலகையும் கறுப்பாகவோ வெளிறியோ இருந்தால் அது வேறு சிக்கல். வடிவம் வந்துவிட்டது, அதன்மேல் போர்த்தவேண்டிய மேற்பரப்புப் படங்கள் வரவில்லை. எஃப்எஸ்எக்ஸில் டெக்ஸ்சர்.சிஎஃப்ஜி என்னும் கோப்பு, வண்ணப்பூச்சின் கோப்புறையில் இல்லாத படங்களைப் பொதுவான டெக்ஸ்சர் கோப்புறையில் தேடும்படி சொல்கின்றது. புதிய வண்ணப்பூச்சில் இக்கோப்பு விடுபட்டால் உட்புறம் நிறமிழக்கும். வேறு வண்ணப்பூச்சிலிருந்து அதை நகலெடுத்தால் சரியாகும். எஃப்எஸ்எக்ஸின் டைரக்ட்எக்ஸ் 10 முன்னோட்ட வசதியை இயக்கியிருந்தால் பழைய மாதிரிகள் பல ஒழுங்காகத் தோன்றா. அதை நிறுத்திச் சோதிப்பது நல்லது. எஃப்எஸ்எக்ஸ் 32-பிட் மென்பொருள் என்பதால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்த இயலாது. நீண்ட பறப்பின் இடையில் மட்டும் உட்புறம் கறுத்தால், கோப்புகளை விடுத்து நினைவகப் பற்றாக்குறையை ஐயுற வேண்டும்.

மானிகள் மட்டும் தோன்றாமை

அறை முழுமையாகத் தோன்றி, மானிகள் இருக்கவேண்டிய இடங்கள் வெறுமையாக இருக்கலாம். மெய்நிகர் அறையின் வடிவம் மாடல் கோப்புறையிலிருந்து வந்தாலும், மானிகள் பேனல்.சிஎஃப்ஜி கோப்பில் ‘விகாக்பிட்01’ எனத் தொடங்கும் பகுதிகளிலிருந்தே வருகின்றன. டாலர் குறியுடன் தொடங்கும் ஒரு பெயர் இரண்டையும் இணைக்கின்றது. மாதிரியிலும் அமைவுக் கோப்பிலும் அப்பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இருபரிமாணப் பலகையை மாற்ற விரும்பி வேறொரு பேனல்.சிஎஃப்ஜி கோப்பை மேலெழுதும்போது இப்பகுதிகள் அழிந்துவிடுகின்றன. பழைய கோப்பிலிருந்து அவற்றை மட்டும் எடுத்துப் புதியதன் இறுதியில் ஒட்டினால் மானிகள் திரும்பும்.

ஒவ்வொரு மானியும் ஒரு தனிச் செயலி அல்லது பொதிக் கோப்பு. சிமுலேட்டர் அவற்றை வானூர்தியின் பேனல் கோப்புறையிலும், பொதுவான கேஜஸ் கோப்புறையிலும் தேடும். விளக்கக் கோப்பில் குறிப்பிட்ட இடத்தில் இட்டால் போதும். எஃப்எஸ்எக்ஸில் மற்றொரு படியும் உண்டு. புதிய மானி முதன்முறை இயங்கும்போது, அதனை நம்பலாமா என்று ஒரு சாளரம் கேட்கும். அவசரத்தில் ‘இல்லை’ என்று சொடுக்கிவிட்டால் மானி தோன்றாது. எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி கோப்பிலுள்ள ‘டிரஸ்டட்’ பகுதியில் அம்மானியின் வரியை நீக்கினால் அடுத்த முறை மீண்டும் கேட்கும்.

பார்வைப் புள்ளி

விமானியின் கண் எங்கே உள்ளது என்பதை ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி கோப்பின் ‘வியூஸ்’ பகுதியிலுள்ள ‘ஐபாயின்ட்’ வரி வரையறுக்கின்றது. அதிலுள்ள மூன்று எண்கள் முறையே முன்பின், பக்கவாட்டு, உயர அளவுகளை அடிக்கணக்கில் தருவன. இவை பிழையானால் கண் இருக்கைக்குள்ளோ கூரைக்கு மேலோ வானூர்தியின் மூக்குக்கு முன்னோ நின்றுவிடும். அறை இருந்தும் தெரியாது. கண்ட்ரோல் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் பார்வை தொடக்க நிலைக்குத் திரும்பும். அதன் பின்னும் அறை தெரியவில்லையெனில் எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கலாம்.

விண்டோஸ் ஏற்படுத்தும் குழப்பம்

திருத்தம் சரியாக இருந்தும் பயன் விளையாத நேரங்கள் உண்டு. விண்டோஸ் இயல்பாகவே கோப்பு நீட்டிப்புகளை மறைத்து வைப்பதால், நோட்பேடில் புதிதாக உருவாக்கிய கோப்பு ‘மாடல்.சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி’ எனச் சேமிக்கப்பட்டிருக்கலாம், பார்ப்பதற்கு மாடல்.சிஎஃப்ஜி என்றே தெரியும். நீட்டிப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொள்வது முதல் வேலையாக இருக்க வேண்டும். விஸ்டாவும் அதன் பின்வந்த பதிப்புகளும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையைப் பாதுகாப்பவை. அங்கு செய்யும் மாற்றங்கள் தடுக்கப்படலாம், அல்லது ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ என்னும் வேறிடத்துக்குத் திருப்பப்படலாம். இதனாலேயே சிமுலேட்டரை அக்கோப்புறைக்கு வெளியே நிறுவுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. எந்தக் கோப்பையும் மாற்றுமுன் அதன் நகலொன்றை எடுத்துவைப்பது பின்னர் உதவும்.

உட்புறத்தை இரவல் பெறுதல்

உட்புறமே இல்லாத வானூர்திக்கு எஃப்எஸ்எக்ஸில் ஓரளவு மாற்றுவழி உள்ளது. உட்புறம் தனிக் கோப்பு என்பதால், ‘இன்டீரியர்=’ வரியில் மற்றொரு வானூர்தியின் உட்புறத்தைச் சுட்டலாம். அதன் பேனல்.சிஎஃப்ஜி கோப்பிலுள்ள ‘விகாக்பிட்’ பகுதிகளையும் சேர்க்க வேண்டும். மேற்பரப்புப் படங்கள் கிடைக்க வழிசெய்ய வேண்டும். பார்வைப் புள்ளியை மாற்ற வேண்டும். 737-400 மாதிரிக்கு 737-800 இன் அறை பெரிதும் பொருந்தும். ஆயினும் இரவல் அறையின் நிலை மூல வானூர்தியின் நடுப்புள்ளியைச் சார்ந்தது. சாளரம் வழியே பார்த்தால் இறக்கை எதிர்பார்த்த இடத்தில் இராது. சொந்தப் பயன்பாட்டுக்கு இது ஏற்றது. இரவல் கோப்புகளைச் சேர்த்துப் பொதியாக வெளியிடுவது மேற்சொன்ன பதிப்புரிமைச் சிக்கலுக்கே திரும்பக் கொண்டுசெல்லும். எஃப்எஸ் 2004 இல் இம்முறை இயலாது.

பிற சிமுலேட்டர்களில்

லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பிரிபேர்3டி, எஃப்எஸ்எக்ஸின் வழிவந்தது. அதன் கோப்பமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. 2017 இல் வந்த அதன் 4ஆம் பதிப்பு 64-பிட் ஆனதால், 32-பிட் மானிகள் அதில் இயங்கா. அறை வரும், அவை மட்டும் வெறுமையாக இருக்கும்.

2020 இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் இருபரிமாணப் பலகைக் காட்சி கைவிடப்பட்டது. கூடுதல் வானூர்திகள் ‘கம்யூனிட்டி’ என்னும் கோப்புறையில் பொதிகளாக இடப்படுகின்றன. பொதியிலுள்ள கோப்புகளின் பட்டியல் லேஅவுட்.ஜேசன் என்னும் கோப்பில் இருக்கும். அப்பட்டியலில் இல்லாத கோப்பு, கோப்புறையில் இருந்தாலும் சிமுலேட்டருக்கு இல்லாததே. ஆகவே பழைய பதிப்புகளில் செய்ததுபோல் ஒரு கோப்பைச் சேர்த்துவிட்டு நின்றால் பயனில்லை. பட்டியலையும் மீண்டும் உருவாக்க வேண்டும். வண்ணப்பூச்சுப் பொதி தனக்கெனப் பழைய பலகைக் கோப்பு ஒன்றைக் கொண்டிருந்து, மூல வானூர்தி பின்னர் புதுப்பிக்கப்பட்டால் திரைகள் கறுத்துவிடும். எஃப்எஸ்எக்ஸ் காலத்து டிஎல்எல் வகை மானிகள் இதில் இயங்கா.

எக்ஸ்-பிளேனில் வானூர்தி ஏசிஎஃப் கோப்பாக உள்ளது. பழைய பதிப்புகளுக்கான வானூர்திகளில் முப்பரிமாண அறையின் கோப்பு, ஏசிஎஃப் கோப்பின் பெயரோடு ‘_காக்பிட்’ என்னும் ஒட்டைச் சேர்த்த பெயரைக் கொண்டிருக்கும். ஏசிஎஃப் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அறை மறைந்துவிடும். பழைய பெயரை மீட்டால் அறையும் மீளும்.